லோறன்சியார் திருநாளில் கொண்டுபோன ஒன்பது தாள்கள்

1996 ஓகஸ்ட் 10, சனிக்கிழமை. காலை நாலே முக்காலுக்கு எழுந்தேன். ஆறு மணிக்குப் பிறகு மேல்மாடிக்குத் தண்ணீர் ஏறாது என்பதால் இரண்டு வாளிகளையும் நிரப்பி மூடினேன். ஐந்தரைக்குத் தேநீர். ஆறு மணிக்குச் செய்தி. ஆறே காலுக்குத் தட்டச்சு இயந்திரத்தின் உறையைக் கழற்றி, எழுத்துகளின் இடுக்கில் அடைந்திருந்த மையைப் பழைய பல்துலக்கியால் துடைத்தேன். அது சனிக்கிழமை வேலை. ஏழு மணிக்குப் பாணும் சம்பலும். அன்றைய நாட்குறிப்பில் நான் எழுதியிருப்பது இவ்வளவுதான். மிகுதியை இப்போதுதான் எழுதுகிறேன்.

அப்போது எனக்கு நாற்பத்தேழு வயது. புதுக்கடையில் உறுதிப் பத்திரங்கள் எழுதும் ஒரு நொத்தாரிசுவின் அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், மேல்மாடியில் ஓர் அறை எனக்கு. பக்கத்து இரண்டு அறைகளில் ஊரிலிருந்து வருபவர்கள் மாறி மாறித் தங்குவார்கள். தூதரகத்துக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள். அவர்களுக்கு ஒரு வாக்குமூலம் வேண்டும்: எங்கே பிறந்தேன், என்ன நடந்தது, ஏன் திரும்பிப் போக முடியாது. அவர்கள் சொல்லச் சொல்ல நான் தமிழில் ஒரு தாளில் அடிப்பேன். பிறகு அதை ஆங்கிலத்தில் ஆக்குவேன். ஆங்கிலத் தாள் தூதரகத்துக்கு, தமிழ்த் தாள் அவர்களுக்கு.

தமிழ்த் தாளுக்குக் கீழே ஒரு காபன் பிரதி எப்போதும் வைப்பேன். நேர்முகத்தில் ஒரு திகதி மாறினாலே நிராகரித்துவிடுவார்கள். ஆறு மாதம் கழித்து ஒருவர் வந்து, "அக்கா, நான் அப்ப என்ன சொன்னனான்?" என்று கேட்டால் எடுத்துக் காட்ட வேண்டும் அல்லவா. அப்படி மூன்று வருடத்தில் முப்பத்தெட்டுப் பிரதிகள் சேர்ந்திருந்தன. இலக்கமிட்டு, முதலாவது அடியிலும் கடைசி மேலேயுமாக ஒரே பைலில் போட்டிருந்தேன். யாருடைய தம்பி இயக்கத்துக்குப் போனான், யார் யார் அவர்களுக்குப் பங்கர் குழி வெட்டினார்கள், கொழும்பில் எந்த லொட்ஜில் இருக்கிறார்கள் எல்லாம் அதில் இருந்தது. பிரதி வைத்திருக்கிறேன் என்று நான் அவர்களில் பாதிப் பேரிடம் சொன்னதும் இல்லை.

எட்டு மணிக்கு வீட்டுக்காரர் மேலே வந்தார். கத்தோலிக்கர், கொட்டாஞ்சேனையில் பிறந்தவர், துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். நான் அவரை அங்கிள் என்பேன். அன்று காலி வீதிக் கோயிலில் புனிதர் லோறன்சியாரின் திருநாள். சுரூபம் வீதிவலம் வரும் சுற்றுப்பிரகாரத்தில் கொடி பிடிப்பது அவர். திருநாளுக்காக ஒரு பக்க வரலாறும் என்னிடம் அடிக்கத் தந்திருந்தார்.

"முடிஞ்சுதா பிள்ளை?"

"முடிஞ்சுது. ஒரு சந்தேகம்."

"உனக்கு எப்ப சந்தேகம் இல்லை?"

கதை இதுதான். உரோமையில் அரசனின் அதிகாரி, கோயிலின் செல்வத்தை எல்லாம் ஒப்படை என்று லோறன்சியாரிடம் கேட்கிறான். அவர் மூன்று நாள் தவணை கேட்கிறார். அதற்குள் இருந்ததை எல்லாம் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, மூன்றாம் நாள் குருடரையும் முடவரையும் விதவைகளையும் கூட்டிக்கொண்டு போய் அதிகாரியின் முன்னால் நிறுத்தி, "இதுதான் எங்கள் செல்வம்" என்கிறார். அவரைத் தணலின் மேல் இரும்புக் கம்பித் தட்டில் கிடத்தி வாட்டுகிறார்கள். "இந்தப் பக்கம் வெந்துவிட்டது, திருப்பிப் போடுங்கள்" என்று சொல்லிவிட்டு அவர் உயிரை விடுகிறார். சுரூபத்தின் கையில் அந்தக் கம்பித் தட்டு இருப்பது அதனால்தான். போர்த்துக்கேயர் கொழும்பைக் கோட்டையாக்கியபோது அவரைப் பாதுகாவலராக வைத்து, கம்பித் தட்டையே நகரத்தின் சின்னமாகப் போட்டார்கள். பின்னால் வந்த ஒல்லாந்தர் அதை எடுத்துவிட்டு மாமரத்தைப் போட்டார்கள். கடைசி இரண்டு வரிகளில் அங்கிளுக்குத் தனிப் பெருமை.

"நெருப்பில கிடக்கிறவர் பகிடி விடுவாரோ, அங்கிள்?"

"விட்டபடியால்தான் அவர் அர்ச்சிஷ்டவர். நாங்கள் அறை வாடகைக்கு விடுறம்."

"அது இல்லை என்ர சந்தேகம். கூட்டிக்கொண்டு போன அந்தக் குருடர், முடவருக்குப் பிறகு என்ன நடந்தது?"

"எந்தக் குருடர்?"

"அதிகாரிக்கு முன்னால கொண்டுபோய் நிப்பாட்டினாரே, அந்தச் சனம். அவையளை விட்டவங்களோ?"

அங்கிள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது கதையில இல்லைப் பிள்ளை."

"காட்டிக் குடுத்த மாதிரியெல்லோ இருக்கு."

"நீ அடிச்சதைத் தா. தேவசாஸ்திரத்தைப் பாதர் பாப்பார்."

அடுத்த அறைக்காரி வாசலில் நின்று சிரித்தாள். கிளிநொச்சிக்காரி, முப்பத்திரண்டு வயது, கணவன் கனடாவில். வியாழக்கிழமைதான் வந்திருந்தாள். வந்த அன்று மாலையே அவளுடைய வாக்குமூலத்தை அடித்தேன், அது முப்பத்தெட்டாவது. குண்டுவீச்சில் கூரை எரிந்து முதுகில் விழுந்திருந்தது. வலது தோளிலிருந்து முழங்கை வரை தோல் சுருங்கி மினுங்கும். ஊரிலிருந்து வந்தவர் பொலிசில் பதிய வேண்டும்; வெள்ளிக்கிழமை போனோம். திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். தெகிவளையில் ரயிலில் குண்டு வெடித்து அன்றைக்குப் பதினேழாவது நாள். தழும்பைக் கண்டாலே இயக்கம் என்று பிடித்தார்கள்; உடம்பில் தழும்பு உள்ள யாரும் சந்திக்கு இறங்காத காலம்.

பத்து மணி பத்து நிமிடத்துக்கு ஒழுங்கையின் இரண்டு முனையிலும் ஜீப் நின்றது. என் ஜன்னலிலிருந்து பார்த்தேன். மற்ற வீடுகளைத் தாண்டி நேராக எங்கள் வாசலுக்கு வந்தார்கள். ஒரு சார்ஜன், இரண்டு கொன்ஸ்டபிள்கள், ஒரு பெண் பொலிஸ். கீழே கதவு திறந்தது. எல்லாம் சிங்களத்தில்தான் நடந்தது. பலகைத் தளம், கீழே மூச்சு விட்டாலும் மேலே கேட்கும்.

"மேல ரைப் அடிக்கிற பொம்பிளை எங்கே? பைல் எங்கே?"

"என்ன பைல், மாத்தயா?" அங்கிள் ஐயா போட்டுக் கேட்டார்.

"கொட்டாஞ்சேனை லொட்ஜில் நேற்று ஒருத்தனைப் பிடித்தோம். அவன் சொன்னான், எல்லாருடைய கதையும் அவளிடம் இருக்கிறது என்று."

என் கால்கள் கதவடிக்குப் போனதும் திரும்பியதும் நினைவிருக்கிறது. பைலை அலமாரியிலிருந்து எடுத்தேன். கிளிநொச்சிக்காரி அதற்குள் என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தியிருந்தாள்.

"எரிப்பமோ, அக்கா?"

"புகை காட்டிக் குடுக்கும். கழிவறை."

கீழே சார்ஜன் வேறொன்றைக் கண்டிருந்தார். சுவரில் சாய்த்து வைத்திருந்த திருநாள் கொடி. துணியை விரித்துப் பார்த்திருக்க வேண்டும். சிவப்புத் துணியில் கறுப்புக் கம்பித் தட்டு. அங்கிளே நிறம் தீட்டியது.

"இது என்ன கொடி?"

"அர்ச்சிஷ்டவருடைய கொடி, மாத்தயா. இன்றைக்குத் திருநாள்."

"அர்ச்சிஷ்டவர் எங்கே? இதில் ஆளே இல்லை. சிறைக் கம்பிதான் இருக்கிறது. எந்த இயக்கத்தின் சின்னம்?"

"இயக்கம் இல்லை, மாத்தயா. இந்த நகரத்தின் சின்னம். முந்தி."

"எந்த நகரத்தின்?"

"கொழும்பின்."

"கொழும்புக்குச் சின்னம் போட நீ யாரடா?"

கன்னத்தில் அறைந்த சத்தம். கண்ணாடி சிமெந்தில் விழுந்தது. அதற்குப் பிறகு அவரைக் கதிரையில் முழங்காலில் ஏற்றி, கொடித் தடியாலேயே பாதத்தில் அடித்தார்கள். அதை எனக்குச் சாயங்காலம் அவர் சொன்னார். அப்போது எனக்குக் கேட்டது சத்தம் மட்டும். தடி, பிறகு அங்கிள். தடி, பிறகு அங்கிள்.

நான் கழிவறைக்குள் முழந்தாளிட்டுப் பைலைத் திருப்பிப் போட்டேன். இதை நான் ஒளிக்காமல் எழுத வேண்டும். எந்த அலுவலையும் முதலாம் இலக்கத்திலிருந்தே தொடங்கிப் பழகியவள் நான். மேலே கிடந்த தாளை எடுக்காமல், அடியிலிருந்த முதலாவது தாளை உருவினேன். நாலாகக் கிழித்துக் குழியில் போட்டேன். இரண்டாவது. மூன்றாவது. தாளில் குத்தியிருந்த குண்டூசி கையைக் கிழித்தது. ஊசிகளைத் தனியாக ஒரு சவர்க்காரப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தேன்! தொட்டியை ஒரு தரம் இழுத்தால் அந்த நேரத்தில் மறுபடி நிறையாது. அதனால் வாளித் தண்ணீரை ஊற்றினேன். தாள் மெல்லியது, இறங்கியது.

கிளிநொச்சிக்காரி ஊற்றினாள், நான் கிழித்தேன். தடியின் சத்தத்தை எண்ணிக்கொண்டும் இருந்தேன். எட்டு. ஒன்பது. இருபதாவது தாளுக்கு மேல் போனபோதுதான் அவள் பெயர்களைப் பார்த்தாள்.

"அக்கா, இது ஆர்?"

"லண்டனுக்குப் போயிட்டார்."

"இது?"

"அவவும் கனடாவுக்கு…"

"போனவையளின்ரய ஏன் கிழிக்கிறியள்? மேல இருக்கிறதை எடுங்கோ அக்கா, மேல!"

பதினொன்று. பிறகு அங்கிளின் குரல், மிகத் தெளிவாக: "மேல. அலமாரியில."

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அவர் பதினொரு அடி எனக்கு நேரம் வாங்கித் தந்தார். நான் அந்த நேரத்தில் நாட்டை விட்டுப் போனவர்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். கதவை உதைத்துத் திறந்தபோது இருபத்தொன்பது தாள்கள் போயிருந்தன. அதில் இருபத்தாறு பேர் ஏற்கனவே வெளிநாட்டில். என் மடியில் மிஞ்சியவை ஒன்பது. எல்லாவற்றுக்கும் மேலே முப்பத்தெட்டாவது.

சார்ஜன் என் கூந்தலைப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதினார். இரண்டு தரம். பைலின் இரும்பு வளையப் பக்கத்தால் வாயில் அடித்தார். முன்பல் ஒன்று அரைவாசி உடைந்தது. பெண் பொலிஸ் கிளிநொச்சிக்காரியின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். தையல் பிரிந்து தோள் தெரிந்தது. அதன் பிறகு யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. படிக்கட்டால் இழுத்துக்கொண்டு இறங்கினார்கள். கீழே அங்கிள் தரையில் இருந்தார். கொடித் துணி அவருக்குப் பக்கத்தில் கசங்கிக் கிடந்தது. அவர் எங்களைப் பார்க்கவில்லை.

நிலையத்தில் ஒரு பின்னறை. மேசை, இரண்டு கதிரை, மூலையில் பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய்த் துண்டு. இன்ஸ்பெக்டர் இளைஞர், நல்ல சலவைச் சட்டை. தாள்களை மேசையில் விரித்தார். தமிழ் அவருக்குத் தெரியாது. வாசலில் நின்ற கொன்ஸ்டபிளைக் காட்டினார். தெமட்டகொடை முஸ்லிம் ஆள் என்று அவருடைய பேச்சிலேயே தெரிந்தது.

"அவன் தமிழ் கதைப்பான். நீ வாசித்துச் சிங்களத்தில் சொல். பிழையாகச் சொன்னால் அவன் எனக்குச் சொல்வான்."

முதலில் முப்பத்தெட்டாவது தாள். நானே அடித்தது. 'எனது தம்பி இயக்கத்தில் இருந்து 1991இல் இறந்தான். என்னைப் பதினொரு நாள் பங்கர் வெட்ட அழைத்துச் சென்றார்கள்.' இரண்டு வசனம். அவளை வருடக்கணக்கில் உள்ளே வைக்கப் போதும்.

நான் வாயைத் திறக்கத் தாமதமானது. சார்ஜன் குழாயால் அவளுடைய தழும்புத் தோளில் அடித்தார். அவள் கத்தவில்லை. பற்களுக்கு நடுவே காற்று மட்டும் வந்தது.

நொத்தாரிசு அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம். ஒரு காற்புள்ளியைக்கூட நான் மாற்றியதில்லை. அன்று சொன்னேன்: "என் தம்பி காய்ச்சலில் 1991இல் இறந்தான். கோயில் கேணி துப்புரவாக்கப் பதினொரு நாள் போனேன்."

நான் கொன்ஸ்டபிளைப் பார்க்காமல் தாளைப் பார்த்தேன். இன்ஸ்பெக்டர் அவரைப் பார்த்தார்.

"ஹரித?" சரியா என்று கேட்டார்.

"ஹரி, சேர்."

சரி என்று மிகச் சாதாரணமாகச் சொன்னார், பஸ்ஸுக்கு எத்தனை மணி என்று கேட்டதற்குப் பதில் சொல்வது போல. நான் தொடர்ந்தேன். தழும்பு மண்ணெண்ணெய் அடுப்பால் ஆனது. எந்த எரிச்சலில் அடித்தாரோ தெரியாது, சார்ஜன் நடுநடுவே அவளை அடித்தார். அடிக்க அடிக்க என் பொய் சரளமானது. மற்ற எட்டுத் தாள்களையும் அப்படியே சொன்னேன். இயக்கத்துக்குச் சோறு கொடுத்தவன் கூலிக்காரருக்குச் சோறு கொடுத்தான். காட்டில் பயிற்சிக்கு இழுத்துப் போகப்பட்டுத் தப்பி வந்தவன் மரம் தறிக்கப் போய்த் திரும்பினான். ஓர் இடத்தில் தடுமாறி நின்றேன். அப்போது குழாய் என் முதுகில் விழுந்தது. ஒன்பது தரமும் கொன்ஸ்டபிள் 'ஹரி' என்றே சொன்னார்.

பின்னேரம் ஐந்தே காலுக்கு இன்ஸ்பெக்டர் கொட்டாவி விட்டார். "விசாவுக்கு அழுகிற கதை எல்லாம்," என்றார். எங்களைப் போகவிட்டு, திங்கட்கிழமை வந்து ஒழுங்காகப் பதியச் சொன்னார். தாள்களை ஓர் உறையில் போட்டு மேல் இடத்து முகவரி எழுதினார்.

கொன்ஸ்டபிள் வெளிவாசல் வரை வந்தார். குழாயடியில் வாய் கொப்பளிக்கத் தண்ணீர் திறந்துவிட்டார். கிளிநொச்சிக்காரியின் வலது காதிலிருந்து இரத்தம் வந்துகொண்டிருந்தது; அவர் பையிலிருந்த தன் லேஞ்சியை எடுத்துத் துடைக்கக் கொடுத்தார்.

"அந்தக் கடுதாசி திங்கக்கெழம வேற ஆள் வாசிக்கும்," என்றார் தமிழில், ரோட்டைப் பார்த்தபடி. "அந்தாள் ஒழுங்கா வாசிக்கும். வெளங்கிச்சா?"

"விளங்கிச்சுது."

"மெதுவா வாசிச்சிருக்கலாம். ஒங்கட வேகத்துல எனக்கே வேர்த்துப் போச்சு."

வீட்டுக்கு வர ஆறு இருபது. அங்கிள் இரண்டு காலையும் உப்புத் தண்ணீர்ப் பேசினுக்குள் வைத்துக்கொண்டு இருந்தார். திருநாள் அவர் இல்லாமல் முடிந்திருந்தது. என் வாயைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பினார்.

"நான் சொல்லிப்போட்டன், பிள்ளை."

"தெரியும் அங்கிள். கேட்டது."

"ஒரு ஆறு அடி இருக்கும். ஆறுக்கே…"

"பதினொண்டு. நான் எண்ணினனான்."

"பதினொண்டோ?" நிமிர்ந்தார். அந்தக் கணக்கு அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது போல. பிறகு தலையை ஆட்டினார். "ஒரு பகிடியும் வரேல்லைப் பிள்ளை. ஒண்டும் வரேல்லை."

"எனக்கும் மேல ஒண்டும் சரியாச் செய்ய வரேல்லை," என்றேன். எந்த வரிசையில் கிழித்தேன் என்று அவரிடம் சொன்னேன்.

மிஞ்சிய ஒன்பதில் இரண்டு பேர் நாட்டை விட்டுப் போய்விட்டார்கள். ஒருத்தி கிளிநொச்சிக்காரி. கொட்டாஞ்சேனை லொட்ஜ்களில் ஐந்து பேர், பாமன்கடையில் ஒருவர். பாமன்கடை முகவரி இருபது நிமிட நடை. அன்றே இருட்டுமுன் போய்ச் சொன்னேன். அவர் பெட்டியோடு என்னுடனேயே படி இறங்கினார். முதல்நாள் பிடிபட்டவர் அந்தக் கொட்டாஞ்சேனை ஐவரில் ஒருவர்தான். ஆக அங்கே நான்கு பேர். அவர்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் இருந்தது.

கிளிநொச்சிக்காரிக்கு அங்கிள் வழி சொன்னார். கொச்சிக்கடையில் அவருடைய சகோதரி வீடு. அங்குள்ள கோயிலுக்கு ஞாயிறு முதல் பூசைக்குப் போகும் கூட்டத்தோடு போனால் சோதனைச் சாவடியில் பெண்களை அதிகம் நிறுத்த மாட்டார்கள். இறந்த மனைவியின் அலமாரியைத் திறந்து நீளக் கை வைத்த ஒரு கவுனை எடுத்துத் தந்தார். "அவ கொஞ்சம் மொத்தம். பெல்ட்டைக் கட்டிவிடு," என்றார்.

"எனக்குச் செபமும் தெரியாது, அங்கிள்," என்றாள் அவள்.

"வாயை அசை. பாதிப் பேர் அதுதான் செய்யினம்."

ஓகஸ்ட் 11, ஞாயிற்றுக்கிழமை. விடியுமுன் இருவரும் கொச்சிக்கடைக்குப் புறப்பட்டோம். கிளிநொச்சிக்காரி பொட்டை அழித்து, ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டாள். காதில் பஞ்சு, அதன் மேல் முக்காடு. ஐந்து மணி பஸ்ஸில் ஏறினோம். சாவடியில் ஒரு சிப்பாய் ஏறி, என் வீங்கிய வாயைப் பார்த்தான். "பல் பிடுங்கினது," என்று சிங்களத்தில் சொன்னேன். இறங்கிப் போனான். அவளைக் கொச்சிக்கடையில் அந்த வீட்டு வாசலில் விட்டேன். அவள் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள், அப்படித்தான் சொல்லியிருந்தேன். அங்கிருந்து நடந்தே கொட்டாஞ்சேனை.

முதல் லொட்ஜின் இரண்டாம் மாடியில் கதவைத் தட்டினேன். வாயில் பற்பசை நுரையோடு ஒருவர் திறந்தார். மன்னாரிலிருந்து வந்தவர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். பிள்ளைகள் பின்னால் பாயில் உறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"என்னக்கா, இந்நேரம்? வாயில என்ன?"

"உங்கட வாக்குமூலம் பொலிசிட்ட இருக்கு. நாளைக்கு வாசிப்பாங்கள். இண்டைக்கே இடம் மாறுங்கோ."

அவர் நுரையை விழுங்கினார். "என்ர தாள் என்னட்டத்தானே இருக்கு? பெட்டிக்குள்ள இருக்கு."

"அது இல்லை," என்றேன். "நான் உங்களைக் கேக்காமல் வைச்சிருந்தது."